நுளம்பு தேடிப் போனவர்கள்

இலங்கையில் மலேரியாவின் கதையைச் சொல்பவர்கள் கொயினாவைச் சொல்வார்கள், டி.டி.டி.யைச் சொல்வார்கள். அந்த மருந்தை எங்கே, எப்போது, எதன்மேல் அடிப்பது என்று கண்டு சொன்னவர்கள் ஆற்று மணலிலும் மாட்டுக்கொட்டிலிலும் நுளம்பு தேடி அலைந்தவர்கள். வன்னியிலும் மன்னாரிலும் அந்த வேலையைச் செய்தவன் நான். எங்கள் ஆட்களின் பங்கு எழுதப்படாமல் போகக்கூடாது.

1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் ஓட்டம் குறைந்து, மணலுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கின. தெளிந்த நீர், மேலே நல்ல வெயில். அனொபிலிஸ் குலிசிஃபேசிஸ் முட்டையிட விரும்பும் இடம் அதுதான். வழக்கமான ஆண்டுகளில் ஆறு தன் வேகத்திலேயே குடம்பிகளை அடித்துக்கொண்டு போய்விடும். அந்த ஆண்டு அவை மணல் குட்டைகளில் பெருகின. அக்டோபரில் காய்ச்சல் கிளம்பியது. கேகாலையிலும் குருநாகலிலும் வீட்டுக்கு வீடு ஆட்கள் பாயில் விழுந்தார்கள். காய்ச்சலோடே பிறந்து வளர்ந்த வரண்ட பகுதிச் சனங்களின் உடம்பில் கொஞ்சம் எதிர்ப்பு இருந்தது. மழை வளமுள்ள ஊர்களில் அதுவும் இல்லை. நோய் தணிவதற்குள் ஏறக்குறைய 80,000 உயிர்கள் போயின.

அத்தனை சாவுக்கும் காரணமான நுளம்பு எதுவென்று அதற்கு முன்பே தெரிந்திருந்தது. எச். எஃப். கார்ட்டர் என்ற பூச்சியியலாளர் 1920களிலேயே தீவெங்கும் நுளம்பு பிடித்துப் பிரித்துப் பார்த்து, குலிசிஃபேசிஸ்தான் நோய் காவுகிறது என்று எழுதியிருந்தார். அந்தப் பெயர் தெரிந்திருந்ததால்தான் பிறகு வந்தவர்கள் நேராக ஆற்றங்கரைக்குப் போக முடிந்தது.

நாங்களும் அந்த வழியில்தான் போனோம். நீண்ட பிடி போட்ட வெள்ளைக் கரண்டியைக் குட்டையில் சாய்த்து நீரை முகந்து, அசையாமல் பிடித்துப் பார்க்க வேண்டும். மற்ற நுளம்புகளின் குடம்பி தலைகீழாகத் தொங்கும். அனொபிலிஸ் குடம்பி நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும். நிழல் பட்டால் விசுக்கென்று உள்ளே போகும். வளர்ந்த நுளம்புக்கு மாடுதான் பொறி. இருட்டுகிற நேரத்தில் வலைக் கூடாரத்துக்குள் ஒரு கன்றைக் கட்டிவிட்டு, விடிகாலையில் வலையின் உட்புறத்தில் குந்தியிருப்பவற்றைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி எடுப்போம். குலிசிஃபேசிஸுக்கு மாட்டு இரத்தத்தில்தான் பிரியம் அதிகம்.

பிடித்ததை எண்ணுவதோடு வேலை முடியாது. நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து ஊசி முனையால் சூலகத்தைப் பிரிக்க வேண்டும். அதன்மேல் ஓடும் மெல்லிய காற்றுக் குழல்கள் சுருண்டிருந்தால் அவள் இன்னும் முட்டையிடாதவள். விரிந்து நீண்டிருந்தால் ஒரு தடவையாவது இட்டவள். எங்களுக்கு வேண்டியவள் அந்த மூத்தவள்தான். மலேரியாக் கிருமி நுளம்பின் உடலில் முதிர ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை உயிரோடிருப்பவளால்தான் நோயைக் கொடுக்க முடியும். ஓர் ஊரில் நுளம்பு ஏராளமாக இருந்தும் காய்ச்சல் இல்லாதிருக்கலாம். கிழவிகள் மிஞ்சிய ஊரைத்தான் நாங்கள் கவலையோடு பார்த்தோம்.

டி.டி.டி. 1946இல் தீவு முழுக்க வந்தது. இரத்தம் குடித்த நுளம்பு சுவரில் இளைப்பாறும், சுவரிலோ மருந்து. 1963இல் நாடு முழுவதற்கும் 17 நோயாளிகள். வெற்றி என்றார்கள், மருந்தடிப்பு நின்றது, கண்காணிப்பும் தளர்ந்தது. சில ஆண்டுகளில் மழை குறைந்து ஆறுகள் மறுபடி குட்டையாயின. 1969இல் மட்டும் 5 லட்சம் பேருக்கு மேல் காய்ச்சல். அவசரமாக டி.டி.டி.யை எடுத்தபோது நுளம்பு அதற்குப் பழகியிருந்தது. மருந்து தோய்த்த தாள் வைத்த குழாய்க்குள் நுளம்புகளை ஒரு மணி நேரம் விட்டு, மறுநாள் செத்தவற்றை எண்ணுவதுதான் அதற்கான சோதனை. 1977இல் மலத்தியன் என்ற மருந்துக்கு மாறினார்கள். 1963க்குப் பிறகு நுளம்பைத் தேடிப் போகிறவர்களை மட்டுமாவது விட்டுவைத்திருந்தால் அந்த 5 லட்சம் எவ்வளவோ குறைந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் மிகவும் மதிக்கும் கண்டுபிடிப்பு இராமேஸ்வரம் தீவில் நடந்தது. குலிசிஃபேசிஸ் ஒரே இனமல்ல, கண்ணால் பிரிக்க முடியாத பல இனங்களின் கூட்டம். அந்தத் தீவில் இருந்தது பி என்ற வகை. வேறு இடங்களில் அது நோய் காவுவது அரிது. அங்கேயோ மலேரியா இருந்தது. இந்திய ஆய்வாளர்கள் வெளியில் பிடித்த தாய்களை முட்டையிட வைத்து, அவற்றின் ஆண் பிள்ளைகளின் வை நிறமூர்த்தத்தைப் பார்த்தார்கள். தாயிடம் அந்த நிறமூர்த்தம் கிடையாது, ஆகவே மகன்களைத்தான் கேட்க வேண்டும். கிருமி சுமந்த தாய்களின் மகன்களில் அதன் வடிவம் வேறாக இருந்தது. 1999இல் அதற்கு ஈ இனம் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சி. நோபிள் சுரேந்திரனும் கூட்டாளிகளும் இலங்கையிலும் பியும் ஈயும் சேர்ந்தே இருப்பதைக் காட்டினார்கள். கார்ட்டர் ஒரே பெயரில் எழுதியது இரண்டாகப் பிரிந்தது.

2012க்குப் பிறகு பல ஆண்டுகள் இங்கே உள்ளூரில் தொற்றிய நோயாளி இருக்கவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடென்று சான்று தந்தது. அதே ஆண்டு டிசெம்பரில் மன்னார்க் கிணறுகளில் அனொபிலிஸ் ஸ்ரெபென்சி அகப்பட்டது. சென்னையின் கிணறுகளிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் நெடுங்காலம் வாழ்ந்துவரும் நகரத்து நுளம்பு அது. ஆற்று மணல் அதற்குத் தேவையில்லை. ஆகவே கரண்டியோடு ஆற்றுக்குப் போனவர்கள் வாளியும் கயிறுமாக வீட்டு வளவுகளுக்குள் போகத் தொடங்கினார்கள். மருந்து என்றதும் ஓர் அம்மா கிணற்றுக்கட்டில் கையை ஊன்றிக்கொண்டு, "தம்பி, குடிக்கிற தண்ணியப்பு, உதுக்குள்ள ஒண்டும் போடாதேங்கோ" என்றார். குடம்பி தின்னும் குட்டி மீன்களைக் காட்டினோம். ஒரு போத்தலை வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் சேர்த்துக் கேட்டார்.