ரெண்டு ஜாக்ஸ்ட்ராப்ல பொறந்த ஸ்போர்ட்ஸ் பிரா

ஓசூர்ல ஷிஃப்ட் பஸ் வர்றதுக்கு முன்னாடி ராமநாயக்கன் ஏரிப் பக்கம் ஓடுற தோழிகளுக்காக இந்த எபிசோடு.

ஷூ வாங்க நாலு கடை ஏறி இறங்குறோம். ஸ்போர்ட்ஸ் பிராவை மட்டும் கூச்சத்துல கைக்குக் கிடைச்சதை எடுத்துட்டு வந்துடுறோம். அதோட கதை தெரிஞ்சா, எதைப் பார்த்து வாங்கணும்னும் தெரிஞ்சிடும்.

விளையாடுற ஆண்களுக்கான உள்ளாடை ஜாக்ஸ்ட்ராப். அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்து சைக்கிள்காரங்களுக்காக 1874-லயே வந்துடுச்சு. பெண்களுக்கு? இன்னும் 103 வருஷம் ஆச்சு.

1977-ல வெர்மான்ட் மாநிலத்துல தினமும் ஓடிட்டிருந்த லிசா லிண்டால், "பெண்களுக்கு ஏன் இப்படி ஒண்ணு இல்ல?"ன்னு யோசிச்சாங்க. நாடக உடை வடிவமைக்கிற பாலி ஸ்மித்தும் ஹிண்டா மில்லரும் கூடச் சேர்ந்தாங்க. ரெண்டு ஜாக்ஸ்ட்ராப்பை ஒண்ணாத் தைச்சாங்க. இடுப்புப் பட்டி மார்புக்குக் கீழ வந்துச்சு. மத்த பட்டைகள் முதுகுல குறுக்கே போச்சு. அதுதான் 'ஜாக்பிரா'. 1979-ல காப்புரிமையும் கிடைச்சுது.

அந்த முதல் தையல்லயே நமக்கு விடை இருக்கு. பாரத்தை முக்கியமா தாங்குறது தோள்பட்டை இல்ல, கீழ்ப்பட்டி. அது முன்னாடியும் பின்னாடியும் ஒரே மட்டமா நிக்கணும். ரெண்டு விரல் நுழையுற அளவு போதும். கையைத் தூக்கினா மேல ஏறக்கூடாது. ட்ரையல் ரூம்ல பத்து தடவை குதிச்சுப் பாருங்க. மார்பளவு பெருசுன்னா, வெறுமனே அமுக்குறதைவிட தனித்தனி கப் உள்ளது நல்லது. பட்டி தொளதொளன்னு ஆயிட்டா மாத்திடுங்க.

கடையில சைஸ் கேக்கக் கூச்சப்படாதீங்க. ஒருத்தங்க வாய்விட்டுக் கேட்டதாலதான் இது கடைக்கே வந்துச்சு.