பெருமந்தமும் வாழ்க்கைச் செலவும் (தருமபுரி)

பெருமந்தம் என்பது 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சி ஆகும். அப்போது தருமபுரி, சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 2 அக்டோபர் 1965 அன்று தனி மாவட்டமானது.

விலை வீழ்ச்சி

சில ஆண்டுகளில் மாகாணத்தில் விளைபொருள் விலைகள் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தன. ஆனால் பழைய கடன்கள் பணக்கணக்கில் அப்படியே நின்றன. முன்பு ஒரு மூட்டை விற்று அடைக்கக்கூடிய கடனுக்கு இரு மூட்டைகள் தேவைப்பட்டன. 1931 செப்டம்பரில் பிரித்தானியா தங்க அளவையைக் கைவிட்டபின் தங்க விலை உயர்ந்தது. பலர் நகைகளை விற்றனர். இந்தியாவிலிருந்து தங்கம் பெருமளவில் ஏற்றுமதியானது.

கடன் நிவாரணம்

இராசகோபாலாச்சாரி அமைச்சரவை 1938இல் சென்னை உழவர் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றியது. 1932 அக்டோபருக்கு முன் உழவர்கள் பெற்ற கடன்களில், 1 அக்டோபர் 1937 அன்று நிலுவையிலிருந்த வட்டி இதன்படி நீக்கப்பட்டது. அவர் பிறந்த தொரப்பள்ளியும் அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே.

இன்றைய நிலையுடன் ஒப்பீடு

பெருமந்தத்தில் பொருள்கள் மலிந்தும் வருவாய் அதைவிடச் சுருங்கியதால் வாழ்க்கை கடினமானது. இன்று விலைகள் ஏறுகின்றன. எனினும் 2011 சூன் முதல் தமிழக நியாயவிலைக் கடைகளில் அரிசி இலவசமாக வழங்கப்படுவது உணவுச் செலவின் ஒரு பகுதியைத் தாங்குகிறது.

விளைபொருள் விலையின் நிலையின்மை மட்டும் நீங்கவில்லை. 2023 சூலையில் தமிழகத்தில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ஆனால் வரத்து மிகும் காலங்களில், பாலக்கோடு போன்ற தக்காளிச் சந்தைகளில் பறிகூலிக்கே விலை கட்டுவதில்லை. விற்பவராகவும் வாங்குபவராகவும் உள்ள உழவருக்கு, விலை மட்டத்தைவிட வருவாய்க்கும் செலவுக்கும் உள்ள விகிதமே வாழ்க்கைச் செலவின் சரியான அளவுகோல் ஆகும்.