நெடுநல்வாடை காட்டும் மனையக அமைப்பு

மனையை எடுத்தல் ஒரு கலை. எடுத்த மனையின் உட்புறத்தை வாழ்வார்க்கேற்ப அமைத்தல் பிறிதொரு கலை. இவ்விரண்டனுள் முன்னையது பற்றி நம் நாட்டில் ஆராய்ச்சி மிகுதி. கோயில்களின் அடித்தளமும் தூணும் விமானமும் அளந்து எழுதப்பெற்றுள்ளன. பின்னையது பற்றி எழுதப்பெற்றது குறைவு. அதற்குக் காரணமும் வெளிப்படை. மரமும் துணியும் மயிரும் தந்தமும் நம் மண்ணின் ஈரத்தில் நில்லா. 2015ஆம் ஆண்டு தொடங்கிக் கீழடியில் நடைபெற்ற அகழாய்வுகள் செங்கற் கட்டடப் பகுதிகளையும் கூரையோடுகளையும் வெளிப்படுத்தின. எனினும், அம்மனைகளுள் எவ்வண்ணச் சுவர் இருந்தது, எவ்விடத்தே கட்டில் கிடந்தது என்பவற்றை அச்செங்கற்கள் சொல்லமாட்டா. ஆதலின், சங்க கால மனையகத்தை அறிய விரும்புவார் பாட்டையே நாட வேண்டியவராகின்றனர்.

பாட்டு வரலாற்றுச் சான்றாகுமா என்பது பழைய வினா. பத்துப்பாட்டுள் ஏழாவதாக நிற்பதும், நக்கீரர் இயற்றியதும், 188 அடிகளால் ஆனதுமாகிய நெடுநல்வாடையில் அரண்மனை வருணனை மிக நீண்டு செல்கின்றது. தலைவியின் துயரைச் சொல்லப் புகுந்த பாட்டிற்கு இத்துணைக் கதவும் சுவரும் கட்டிலும் எதற்கு என ஐயுறுவாரும் உளர். அவ்வருணனை வெற்று மிகையன்று, மனையக அமைப்பின் நெறிகளை அறிந்த ஒருவரின் ஒழுங்கான நோக்கு என்பதும், அந்நெறிகளே பாட்டின் துயரைத் தாங்கி நிற்கின்றன என்பதும் எம் கருத்து.

இக்காலத்து மனையக அமைப்பு நூலார் வெளி, கோடு, வடிவு, வண்ணம், ஒளி, பொருளின் மேற்பரப்பு என்பவற்றைக் கூறுகள் என்றும், சமநிலை, அளவுப் பொருத்தம், ஒழுங்கிசைவு, முதன்மை, ஒருமை என்பவற்றை நெறிகள் என்றும் பகுத்துரைப்பர். இப்பெயர்களைப் பழம்பாட்டில் தேடுதல் வீண். பொருளைத் தேடுதலே தகும்.

முதற்கண் வெளி. நக்கீரர் கோப்பெருந்தேவியின் அறைக்கு நம்மை நேரே கொண்டு செல்வதில்லை. நண்பகலில் இரு கோல் நட்டு, நிழல் எப்பக்கமும் சாயாத பொழுதை நோக்கித் திசை தெரிந்து, கயிறு இட்டு, தெய்வம் பரவி மனை வகுத்த நூலறி புலவரிடமிருந்து தொடங்குகின்றார். பின் இரும்பால் பிணிக்கப்பெற்றுச் செவ்வரக்குப் பூசிய கதவு. நாண்மீன் ஒன்றன் பெயரால் வழங்கும் உத்தரம். அதில் செதுக்கிய குவளையும் பிடியானையும். இடைவெளி தோன்றாவாறு கம்மியன் பொருத்திய பொருத்து. ஐயவியும் நெய்யும் அப்பிய நிலை. கொடியேந்திய யானை புகும் உயர்ந்த வாயில் அது. அதனைக் கடந்தால் வெண்மணல் பரந்த முற்றம். கவரிமாவும் குறுங்கால் அன்னமும் ஆங்குத் திரிகின்றன. அதன் பின்னரே கட்டுக்காவல் மிக்க உள்ளறை. யானை புகும் வாயிலிலிருந்து மன்னன் ஒருவனே அணுகும் அறை வரை வெளி படிப்படியாகக் குறுகி வருகின்றது. அவ்வறைக்குக் கருவோடு தொடர்ந்த பெயர் உண்டென்று புலவர் கூறுதல் கருதத்தக்கது. கோயிலின் உள்ளிடத்திற்கு இன்று நாம் வழங்கும் பெயர் அன்று மனையின் உள்ளிடத்திற்கு உரியதாயிருந்தது.

அவ்வறையின் வண்ணங்கள் மூன்று. வெள்ளிபோல் விளங்கும் வெண்சுதை, நீலமணிபோற் கருத்துத் திரண்ட தூண்கள், செம்பினாற் செய்தாற் போன்ற நெடுஞ்சுவர். அச்சுவரில் பல பூக்களையுடைய கொடி ஒன்றே வளைத்து எழுதப்பெற்றுள்ளது. கொடி ஒன்றே என்பதை ஈண்டு நோக்குதல் வேண்டும். சுவர் முழுவதும் உருவங்களை நிரப்பாது, ஒரு கோட்டினை ஓடவிட்டுப் பூக்களால் அதனை இடையிட்டு நிறுத்துவதே ஒழுங்கிசைவு எனப்படும் நெறி. புகார் நகரத்து மாடங்களில் வெண்சுதைமேல் வித்தகர் தீட்டிய ஓவியங்கள் இருந்தமையை மணிமேகலையும் கூறுதலின், சுவரோவியம் பாண்டியன் மனைக்கே உரிய புதுமையன்று.

ஒளியைப் பற்றிய செய்தி வரலாற்றார்க்கு மிகவும் பயன்படுவது. அவ்வறைகளில் யவனர் செய்த பாவையொன்று தன் கையில் அகலை ஏந்தி நிற்கின்றது. நெய் வார்த்துப் பருந்திரி கொளுத்திய அவ்வகல், ஒளி மங்குந்தோறும் நெய் பெய்யப்பெற்று இருளை நீக்குகின்றது. இது கற்பனையாகுமோ எனில், ஆகாது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரத்து இல்லம் ஒன்றிலிருந்து, விளக்குத் தாங்குதற்குப் பயன்பட்ட இளைஞனின் வெண்கலப் பாவை 1925இல் கண்டெடுக்கப்பெற்றது. உரோமச் செல்வர் இல்லங்களில் பாவை விளக்கு வழக்கிலிருந்தமைக்கு அது போதிய சான்று. பெரும்பாணாற்றுப்படையும் யவனரின் அன்ன விளக்கைக் குறிக்கின்றது. 1945இல் அரிக்கமேட்டில் வீலர் நடத்திய அகழாய்வு, உரோம நாட்டுக் கலங்கள் இக்கரைக்கு வந்தமையை ஐயமற நிறுவியது. பாவை விளக்கு ஒன்றும் பாண்டி நாட்டில் நமக்குக் கிடைத்திலது. எனினும் பாட்டும் பாம்பேயியும் ஒன்றையொன்று தாங்குகின்றன. அயல்நாட்டுப் பொருளைத் தன் மனையுள் ஏற்றவன், அதனை வாயிலில் நிறுத்திப் பிறர்க்குக் காட்டாமல், பிறர் புகா உள்ளறைகளில் வைத்தான் என்பது அக்காலத்தார் சுவையைக் காட்டும்.

கட்டிலுக்கு வருவோம். பாண்டில் எனப் பெயர்பெற்ற வட்டக் கட்டில் அது. நாற்பதாண்டு நிரம்பிப் போரிற் பட்ட களிற்றினது கழிந்த கொம்பைச் செதுக்கி, இடையிடையே இலைத் தொழில் அமைத்துச் செய்தது. முத்துக் கோவைகள் சாளரம்போல் சூழத் தொங்குகின்றன. புலிவரி பொறித்த தட்டம், சாயமூட்டிய மயிர், வயமான் வேட்டை எழுதிய விரிப்பு, அதன்மேல் துணையோடு புணர்ந்த அன்னத்தின் தூவி இட்ட இணையணை, கஞ்சியிட்டு வெளுத்த துகில் என்று வன்மையிலிருந்து மென்மை நோக்கி அடுக்கு அடுக்காக ஏறுகின்றது. தந்தம், மயிர், தூவி, துகில் எனக் கைக்குப் புலனாகும் வேற்றுமையை இத்துணை நுணுக்கமாக முறைப்படுத்திய பகுதி பத்துப்பாட்டில் வேறு காண்டல் அரிது. மனையளவைக் காட்டும் எண் ஒன்றும் தாராத புலவர், களிற்றின் அகவையை மட்டும் கணக்கிட்டுச் சொல்கின்றார். தச்சனுக்கு வேண்டிய எண் அதுவே போலும்!

இனி முதன்மை என்னும் நெறி. அறையிலுள்ள எல்லாக் கோடுகளும் வண்ணங்களும் கண்ணை ஓரிடத்திற்குக் கொண்டு செல்லுதல் வேண்டும் என்பர். அவ்விடத்தே இருப்பவள் தேவி. முத்தாரம் கிடந்த மார்பில் தாலி நாண் ஒன்றே கிடக்கின்றது. பெருங்குழை நீங்கிய காதுகளில் சிறு தாளுருவி. பொற்றொடி கழன்ற கையில் வலம்புரி வளை. பூந்துகில் உடுத்த இடையில் மாசேறிய நூற்கலிங்கம். வண்ணம் தீட்டப்பெறாத ஓவியத்தை அவளுக்கு உவமையாக்குகின்றார் புலவர். சுவரில் ஓவியம், விரிப்பில் ஓவியம், மேற்கட்டியில் ஓவியம். இவற்றினிடையே வண்ணமிழந்த ஓவியம் அவள் ஒருத்தியே. அறையின் செறிவு இல்லையாயின் அவ்வுவமைக்கு வலிமை இல்லை. அன்னத் தூவியும் துணைபுணர்ந்ததே. மெழுகு பூசிய மேற்கட்டியில் எழுதப்பெற்ற திங்களும் உரோகிணியை நீங்காதது. ஒப்பனைப் பொருள்களுட் சில இருவர்க்குரியனவாய் இருக்க, அறையில் ஒருத்தி மட்டுமே உளள். அவள் உரோகிணியை நோக்கிப் பெருமூச்செறிகின்றாள். கட்டில் வருணனை மிகை என்பார், இவ்விடத்தை மீண்டும் ஒருகால் நோக்குவாராக.

இன்னொரு செய்தியும் எஞ்சியுள்ளது. இன்று பலர் மனையை ஒருமுறை அமைத்துவிட்டால் அமைத்ததே என்று கருதுகின்றனர். நெடுநல்வாடையின் நகர மாடங்களோ பருவந்தோறும் மாறுவன. மேல்நிலையில் தென்றலை உள்ளே தரும் சாளரங்களோடு கூடிய வேனிற் பள்ளிகள் கூதிர்க்காலத்தில் தாழிட்டுக் கிடக்கின்றன. கம்மியன் அழகுறச் செய்த சிவந்த ஆலவட்டம் சுருக்கப்பெற்று முளையில் தொங்க, அதன்மேல் சிலந்தி நூல் பின்னியுள்ளது. வடவர் தந்த சாந்துக்கல் தென்னாட்டுச் சந்தனத்தோடு பயனின்றிக் கிடக்கின்றது. குவிந்த வாயையுடைய நீர்க்கலங்களை எவரும் நாடாமல், அகன்ற வாயையுடைய தடவுகளில் நெருப்பிட்டுக் குளிர் காய்கின்றனர், அகிற்புகை எழுகின்றது. வேனிலுக்கு ஓரறை, கூதிர்க்கு ஓரறை என்றும், பொருளை எடுத்தலும் வைத்தலும் காற்றின் திசையைப் பொறுத்தன என்றும் அன்றைய மாந்தர் கண்டிருந்தனர். இதனை ஒரு நெறியாக நூலார் தம் பட்டியலிற் சேர்த்தல் தகும்.

அவ்வாடைக் காற்றே பாட்டின் இறுதியில் பாசறைக்கு நம்மை இட்டுச் செல்கின்றது. ஆங்கும் விளக்குகள் பல உள. ஆனால் ஏந்தி நிற்கும் பாவை இல்லை; காற்றைத் தடுக்கும் செம்புநிறச் சுவரும் இல்லை. வாடை வீசுந்தோறும் அவற்றின் பருஞ்சுடர்கள் தெற்கு நோக்கிச் சாய்ந்து எரிகின்றன. வேம்பு கட்டிய வேலையுடைய வீரன் முன்னே புண்பட்டாரைக் காட்டிச் செல்ல, தூறல் படாது காக்கும் குடையின்கீழ், நள்ளிரவிலும் துயிலானாய் மன்னன் நடந்துகொண்டிருக்கின்றான்.