விளைநிலத்தில் பெண்மக்களின் பங்கு



முஸ்லிம்களின் திருமணம், தலாக், மஹர், வாரிசுரிமை ஆகியவற்றில் ஊர் வழக்கத்தை விலக்கி ஷரீஅத்தை நிலைநாட்டியது 1937ஆம் ஆண்டுச் சட்டம். ஆயினும் விவசாய நிலம் அதில் சேரவில்லை; அது மாகாணங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டிருந்ததே காரணம். 1949ஆம் ஆண்டின் 18ஆவது சட்டத்தால் சென்னை மாகாணம் அக்குறையை நீக்கியது. சேலம் மாவட்டம் அம்மாகாணத்தில் இருந்தமையால், அயோத்தியாப்பட்டணத்து வயலுக்கும் தோட்டத்திற்கும் அது பொருந்தும்.

கடனும் வஸிய்யத்தும் போக, ஒரு மகனும் ஒரு மகளும் மட்டுமே வாரிசுகளாயின் மகளுக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு. திருமணத்தில் சீர் செய்ததைக் கூறி அதனை நாம் மறுத்தல் தகாது. உரிமை மறுக்கப்பட்ட பெண்கள், வருமான வரம்பின்றி, சேலம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி பெறலாம். அந்நிலை வாராமல், பட்டா மாற்றும் முன்பே அவர்தம் பங்கை அளித்திடுவோமாக!