உருக்கு: எழுதாமற்போன கலை

பிலாயில் வாழும் நமக்கு உருக்கு புதிய பொருளன்று. 1955ஆம் ஆண்டு சோவியத் நாட்டோடு செய்துகொண்ட உடன்பாட்டால் எழுந்தது நம் ஆலை. அதன் முதல் ஊதுலையை 1959 பிப்ரவரித் திங்களில் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார். ஆதலின் உருக்குக் கலை முழுவதும் அயலார் தந்த கொடை என்றே நம் சிறார் எண்ணுதல் கூடும். அது பாதி உண்மையே. மறுபாதியை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

இரும்பை உருக்காக்குவது அதனுட் சேரும் கரியே ஆகும். கரி மிகக் குறைந்தால் இரும்பு எளிதில் வளையும், மிகுந்தால் உடையும். தூய இரும்பு உருக 1,538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். கைத்துருத்தி கொண்டு அதனை எட்டுதல் அரிது. ஆயின் கரி சேரச் சேர உருகுநிலை தாழும். இந்நுட்பத்தைத் தென்னாட்டுக் கொல்லர் பட்டறிவால் கண்டனர்.

இரும்புத் துண்டுகளை மண்குகையில் இட்டு, உலர்ந்த ஆவாரங்கட்டைச் சிறாய்களைச் சேர்த்து, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயை அடைப்பர். இவ்வாறு 20க்கும் மேற்பட்ட குகைகளை ஓருலையில் அடுக்கி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவர். குகையை உடைத்தால் உள்ளே சிறு உருக்குக் கட்டி இருக்கும். கொங்கு நாட்டில் நொய்யற்கரைக் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள் இத்தொழிலின் தொன்மையைக் காட்டுகின்றன. கன்னட, தெலுங்கு நாடுகளிலும் ஈழத்திலும் இது சிறந்திருந்தது.

தமாஸ்கஸ் வாள் எனப் புகழ்பெற்ற, அலையலையான வரிகள் கொண்ட வாள்கள் இவ்வகை உருக்கால் ஆனவையே. தமிழில் உருக்கு, கன்னடத்தில் உக்கு. இச்சொல்லே ஐரோப்பியர் வழக்கில் 'ஊட்ஸ்' எனத் திரிந்தது என்பர். 1795இல் இலண்டன் அரசக் கழகத்தில் பியர்சன் இதனைப் பற்றிய ஆய்வுரையை அளித்தார். பின்னர் மைக்கேல் பாரடேயும் இதனை ஆராய்ந்தார். இதன் சிறப்புக்கு அலுமினமும் சிலிக்காவும் காரணம் என அவர் கருதியது பிழையே. எனினும் அத்தேடல் அவரைக் கலப்புருக்கு ஆராய்ச்சிக்கு இட்டுச் சென்றது.

இத்துணைப் பெருமையுடைய தொழில் ஏன் அழிந்தது? ஒரு குகையில் விளைந்தது கையளவே. 1856இல் பெசிமர் கண்ட முறையோ உருக்கை டன் கணக்கில் ஈந்தது. கப்பலில் வந்திறங்கிய மலிவான உருக்கின்முன் ஊர்க்கொல்லர் நிற்க இயலவில்லை. விறகுக்குரிய காடுகளும் அருகின. 1830ஆம் ஆண்டையொட்டிப் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை நிறுவிய ஹீத் என்னும் ஆங்கிலேயரின் முயற்சியும் நிலைக்கவில்லை.

தொழில் அழிந்ததினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. தந்தையிடமிருந்து மைந்தன் கைவழியாகக் கற்ற அக்கலையை அக்கொல்லர் ஏட்டில் எழுதி வைத்திலர். ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் பற்றி நாம் இன்று அறிவது, புக்கானன், ஹீத் போன்ற அயலார் கண்டெழுதிய குறிப்புகளால் அன்றோ? கை அறிந்ததை ஏடு அறியாவிடின், கை ஓய்ந்த அன்றே கலையும் ஓயும்.

நம் குடியிருப்பில் ஊதுலையிலும் உருட்டாலையிலும் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்ற பெரியோர் பலர் உளர். உலையின் நிறங்கண்டு வெப்பம் உணர்ந்த அவர்தம் பட்டறிவை நம் இளைஞர் கேட்டுத் தமிழில் எழுதுதல் வேண்டும். அவ்வெழுத்துகளுக்கு இம்மலரில் என்றும் இடம் உண்டு.