கூடைப்பந்தில் போஸ்ட்-அப் ஆட்டமுறை

கூடைப்பந்தில் தாக்கும் அணியின் ஆட்டக்காரர் ஒருவர் வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தம்மைத் தடுக்க வந்தவரை உடலால் பின்னே அடைத்துவைத்தபடி பந்தை வாங்கி, அங்கிருந்து ஆட்டத்தைத் தொடங்குவது போஸ்ட்-அப் எனப்படும். வளையத்தின் முன் வண்ணம் பூசப்பட்ட செவ்வகமான ‘பெயின்ட்’ பகுதியின் ஓரமே இதற்குரிய இடம். அணியின் மிக உயரமான ஆட்டக்காரரான சென்டரே நெடுங்காலம் இதற்குரியவராக இருந்தார். அமெரிக்காவின் என்.பி.ஏ. தொழில்முறைப் போட்டிகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் தாக்குதலின் அச்சாக விளங்கிய இம்முறை, 2010களில் பயனற்றதென ஒதுக்கப்பட்டு, பின்னர் வேறொரு மதிப்போடு திரும்பி வந்தது.

இம்முறையின் பெரும்பகுதி பந்து கைக்கு வருமுன்பே நடந்துவிடுகிறது. ஆட்டக்காரர் இடுப்பைத் தாழ்த்தி, கால்களை அகட்டி ஊன்றி, தடுப்பவரின் கால் தம் காலுக்கு முன்னே வராமல் மறித்துக்கொண்டு, பந்து வரவேண்டிய திசையில் கையை நீட்டி நிற்பார். வளையத்திலிருந்து எட்டடியில் பந்தை வாங்குவதற்கும் பதினான்கு அடியில் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஓரிரு நொடித் தள்ளுமுள்ளில் தீர்மானமாகிறது. பந்து கிடைத்தபின் ஒரு காலை ஊன்றி மறுகாலால் சுழலும் பிவட், தோளை ஒருபுறம் ஆட்டிவிட்டு மறுபுறம் திரும்பும் பாவனை, பக்கவாட்டில் நின்று கையைத் தலைக்கு மேலே வளைத்து எறியும் ஹூக் ஷாட் ஆகியவை அவருடைய கருவிகள்.

முதல் பெரும் போஸ்ட் ஆட்டக்காரர் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியின் ஜார்ஜ் மைக்கன். 6 அடி 10 அங்குல உயரமுள்ள அவரை வளையத்தருகே தடுக்க ஆளின்றிப் போனதால், 6 அடியாக இருந்த பெயின்ட் பகுதியின் அகலம் 1951இல் 12 அடியாக்கப்பட்டது. தாக்கும் ஆட்டக்காரர் அப்பகுதிக்குள் தொடர்ந்து மூன்று நொடிக்கு மேல் நிற்கலாகாது என்பதால், அகலம் கூடியதும் அவர் வளையத்தைவிட்டு விலகி நிற்க நேர்ந்தது, ஆட்டத்துக்கு 28.4 ஆக இருந்த அவருடைய புள்ளிச் சராசரி அடுத்த பருவத்தில் 23.8 ஆகக் குறைந்தது. வில்ட் சேம்பர்லினின் ஆதிக்கத்தைத் தொடர்ந்து 1964இல் அகலம் 16 அடியானது. ஆயினும் கரீம் அப்துல் ஜப்பார் தம் ‘ஸ்கைஹூக்’ எறிதலைக் கொண்டு 1989இல் ஓய்வுபெறும்வரை 38,387 புள்ளிகள் குவித்தார். அவற்றுள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து வந்த கூடை ஒன்றே ஒன்றுதான்.

அந்தக் கோடு என்.பி.ஏ.வில் அறிமுகமானது 1979-80 பருவத்தில். அப்போது ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று முறைகூட அதற்கு வெளியிலிருந்து எறியவில்லை. 2024-25 பருவத்தில் அந்த எண்ணிக்கை 37ஐத் தாண்டியது. இவ்விரு காலங்களுக்கும் நடுவில் ஹ்யூஸ்டன் ராக்கெட்ஸ் அணி 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்ற முறை தனிக் கவனத்துக்குரியது. லேகோஸில் பிறந்து, கால்பந்தும் கைப்பந்தும் ஆடிப் பழகிய கால்களோடு வந்த ஹக்கீம் ஒலாஜுவான் அவ்வணியின் சென்டர். ‘ட்ரீம் ஷேக்’ எனப் பெயர்பெற்ற தம் அடுக்கடுக்கான பாவனைகளால் அவர் ஒருவரைத் திணறடிக்க, உதவிக்கு இரண்டாமவர் ஓடிவந்தால் பந்து வெளியே நிற்கும் எறிவாளரிடம் போய்ச் சேர்ந்தது. 1995 இறுதித்தொடரின் முதல் ஆட்டத்தில் அவ்வணியின் கென்னி ஸ்மித் ஏழு மூன்று புள்ளிக் கூடைகள் போட்டு இறுதித்தொடர்ச் சாதனை படைத்தார். போஸ்ட்-அப்பும் மூன்று புள்ளி எறிதலும் ஒன்றையொன்று வளர்க்க வல்லவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அக்காலத்தில் இல்லை.

போஸ்ட் ஆட்டக்காரருக்குப் பெருந்துணையாக இருந்தது ஒரு தடைவிதி. குறிப்பிட்ட ஆளைத் தடுக்காமல் குறிப்பிட்ட இடத்தைக் காத்து நிற்கும் மண்டலத் தடுப்பு 1947 முதல் விலக்கப்பட்டிருந்ததால், பந்து வருமுன்பே போஸ்ட் ஆட்டக்காரரைச் சூழ்ந்து நிற்க எதிரணிக்கு வழியில்லை. ஷக்கீல் ஓ’நீல் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்காக 2000, 2001, 2002 ஆகிய மூன்று இறுதித்தொடர்களிலும் ஆட்டத்துக்கு 33 புள்ளிகளுக்குக் குறையாமல் சராசரி வைத்தார். இடையில் விதிகள் மாறத் தொடங்கின. 1999-2000 பருவத்தில், தடையில்லா எறிகோட்டுக்குக் கீழே வளையத்துக்கு முதுகைக் காட்டியபடி ஐந்து நொடிக்கு மேல் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பது தவறாக்கப்பட்டது; 2001-02இல் மண்டலத் தடுப்பு அனுமதிக்கப்பட்டது. அதன்பின் ஓ’நீலுக்கு நிகரான உடல்வலிமை உள்ளவருக்குக்கூட முன்னும் பின்னும் ஆள் நிற்கும் நிலையில் பந்தைக் கொடுப்பதே பெரும்பாடாயிற்று.

பிறகு கணக்கு வந்தது. போஸ்டிலிருந்து எறியும் இரண்டு புள்ளி எறிதல் நூற்றுக்கு 45 முறை விழுந்தால் கிடைப்பது 90 புள்ளிகள். மூன்று புள்ளி எறிதல் 36 முறை விழுந்தாலே 108. இந்த எளிய பெருக்கல் பயிற்சியாளர்களின் மனத்தை மாற்றியது. 2015 இறுதித்தொடரின் நான்காம் ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் தன் சென்டர் ஆண்ட்ரூ போகட்டைத் தொடக்க ஐவரிலிருந்து நீக்கி, ஆண்ட்ரே இகுவடாலாவை இறக்கி, ஆறரை அடி உயரமே உள்ள டிரேமண்ட் கிரீனைச் சென்டர் இடத்தில் நிறுத்தியது. கிளீவ்லாந்தின் ஏழடி சென்டர் டிமோஃபே மோஸ்காவ் அதைப் பயன்படுத்தி 28 புள்ளிகள் எடுத்தும் அவருடைய அணி 103-82 எனத் தோற்றது; அடுத்த ஆட்டத்தின் பெரும்பகுதியை அவர் வெளியே உட்கார்ந்தே கழித்தார். உயரமானவரைப் புள்ளி எடுக்க விட்டுவிட்டு வேகத்தால் வென்றுவிடலாம் என்ற முடிவுக்கு இவ்வாட்டம் எடுத்துக்காட்டாயிற்று. கைரி இர்விங், கெவின் லவ் ஆகிய இருவரும் காயத்தால் ஆடாத ஓர் அணியை வைத்து அப்படி முடிவு கட்டியது அவசரமே ஆகும்.

அக்கணக்கிலும் ஒரு குறை இருந்தது. போஸ்டில் நின்றவர் தாமே எறிந்தாலோ பந்தைப் பறிகொடுத்தாலோ மட்டும் அது போஸ்ட்-அப்பின் கணக்கில் சேர்ந்தது. அவரை நோக்கி இருவர் நெருங்கியதால் மூலையில் தனித்து நின்ற எறிவாளர் போட்ட கூடை, எறிதலின் கணக்கில் எழுதப்பட்டது. போஸ்ட்-அப்பின் முதன்மையான பயன் எதிரணியின் அமைப்பைக் கலைப்பதே என்னும்போது, அதன் விளைவை மட்டும் கழித்துவிட்டு மதிப்பிடுவது நியாயமாகாது. எதிரணியை இப்படிக் கலைத்துத் தோழருக்கு வழிவிட்டு விளையாடியவர்கள் முன்பும் உண்டு: 1977இல் போர்ட்லாந்துக்குப் பட்டம் பெற்றுத் தந்த பில் வால்டன், லிதுவேனியாவின் அர்விதாஸ் சபோனிஸ் ஆகியோர் போஸ்டில் நின்று பந்து பகிர்வதில் தேர்ந்தவர்கள்.

அதை முழுமைக்குக் கொண்டுவந்தவர் செர்பியாவின் நிக்கோலா யோக்கிச். என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் 2014 தேர்வில் 41ஆவதாக எடுக்கப்பட்ட அவர், 2023இல் டென்வர் நகெட்ஸ் அணிக்கு அதன் முதல் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். தடுப்பவரை முதுகால் மெல்ல நகர்த்திக்கொண்டே, வளையத்தை நோக்கி ஓடிவரும் தோழரைத் தோளுக்கு மேலாகப் பார்த்துப் பந்தை விடுவது அவருடைய வழக்கம். உதவி வராவிட்டால் தாமே எறிவார். ஆகவே அவரைத் தனியாக விடுவதா, சூழ்வதா என்ற இரண்டு தெரிவும் எதிரணிக்கு இழப்பாகவே முடிகிறது. 2024-25 பருவத்தில் ஆட்டத்துக்கு 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுதல்), 10.2 அசிஸ்ட் (தோழரின் கூடைக்கு வழிசெய்த பந்துப் பகிர்வு) என அவர் வைத்த சராசரியை அதற்குமுன் எந்தச் சென்டரும் எட்டியதில்லை.

இன்று இம்முறை சென்டருக்கு மட்டும் உரியதன்று. தடுப்பவர்கள் தங்களுக்குள் ஆளை மாற்றிக்கொள்ளும் ‘ஸ்விட்ச்’ உத்தி பரவியதால், நெடியவர் முன் குள்ளமானவர் வந்து மாட்டிக்கொள்ளும் தருணங்கள் மிகுந்துள்ளன; அத்தருணங்களில் லூக்கா டோன்சிச் போன்று பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரர்களே வளையத்துக்கு முதுகைக் காட்டி நிற்கின்றனர்.