அமெரிக்கப் பழங்கார்களின் மீட்டர் பலகை மீட்டமைப்பு

பழைய அமெரிக்கக் கார்களின் டேஷ்போர்டில் இருக்கும் ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் மீட்டர், டெம்பரேச்சர் மீட்டர், ஆயில் மீட்டர், ஆம்பியர் மீட்டர், கடிகாரம் ஆகியவற்றையும் அவற்றின் வயரிங்கையும் கார் ஃபேக்டரியை விட்டு வெளிவந்தபோது இருந்த நிலைக்குக் கொண்டுவரும் கைவேலை இது. பெயிண்ட், குரோம், எஞ்சின் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் கையில் எடுக்கப்படுவதால், பெரும்பாலும் பணமும் பொறுமையும் தீர்ந்துபோன கட்டத்தில்தான் இது நடக்கிறது. 1950-களிலும் 60-களிலும் டெட்ராய்ட் நிறுவனங்கள் செய்த கார்களைப் பற்றியே இக்கட்டுரை பெரிதும் பேசுகிறது. இன்று மீட்டமைக்கப்படும் கார்களில் அக்காலத்தவை மிகுதி. 1955 முதல் 1957 வரையிலான செவர்லே, 1964 ஏப்ரலில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங் ஆகியவற்றுக்கு மறுதயாரிப்பு உதிரிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. அரிய மாடல்களின் பழைய மீட்டர்களைத் தேடுவோர் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் 1955 முதல் நடந்துவரும் இலையுதிர்காலச் சந்தைக்குப் போகிறார்கள்.

முள் அசையவில்லை என்றதும் மீட்டரைக் கழற்றிப் பிரிப்பது புதியவர்கள் செய்யும் தவறு. மீட்டரே கெட்டிருப்பது குறைவு. எர்த் விட்டுப்போயிருக்கும், சப்ளை தவறியிருக்கும், அல்லது பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் டேங்க் யூனிட் துருப்பிடித்திருக்கும். அறுபது ஆண்டு தாங்கிய மெல்லிய காயிலும் முள்ளும் பெரும்பாலும் சேதமாவது, பழுதுபார்க்கப் பிரித்தவரின் கையில்தான்.

6 வோல்ட்டும் 12 வோல்ட்டும்

அமெரிக்கக் கார்கள் நெடுங்காலம் 6 வோல்ட்டில் ஓடின. அழுத்த விகிதம் கூடிய வி-8 எஞ்சின்களைச் சுழற்ற அது போதாமல் போனபோது செவர்லே 1955 மாடலிலும், ஃபோர்டும் கிறைஸ்லரும் 1956 மாடலிலும் 12 வோல்ட்டுக்கு மாறின. ஃபோர்டிலும் கிறைஸ்லரிலும் அதுவரை பேட்டரியின் பாசிடிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருந்தது; மாற்றத்தோடு அது நெகடிவ் ஆனது. பாசிடிவ் எர்த் கொண்ட பழைய காரில் கைவைப்பவர் பழக்கதோஷத்தில் பேட்டரியைத் திருப்பி மாட்டினால் ஆம்பியர் மீட்டர் தலைகீழாகக் காட்டும்.

45 வாட் ஹெட்லைட் 6 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் இழுக்கும், 12 வோல்ட்டில் 3.75 தான். அதனால் 6 வோல்ட் காரின் வயர்கள் தடியானவை. ஒரு துருப்பிடித்த முனையில் அரை வோல்ட் தொலைந்தால் 12 வோல்ட் காரில் அது பெரிதாகத் தெரியாது. 6 வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும், விளக்கு மஞ்சளாக அழும். ‘6 வோல்ட் கார் காலையில் ஸ்டார்ட் ஆகாது’ என்ற கெட்டபெயரில் பாதி, பின்னாளில் யாரோ மாட்டிய மெல்லிய 12 வோல்ட் பேட்டரி கேபிளால் வந்தது.

இரண்டு மீட்டர் குடும்பங்கள்

பெட்ரோல் மீட்டரில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் எதிரெதிர் வழியில் போயின. இதைப் புரிந்துகொண்டால் பழுதில் முக்கால்வாசி தானே பிடிபடும்.

ஜெனரல் மோட்டார்ஸ் மீட்டரில் இரண்டு காயில்கள் முள்ளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். டேங்கில் உள்ள மிதவை ஒரு மின்தடையை நகர்த்தும்: டேங்க் காலியானால் 0 ஓம், நிறைந்தால் 30 ஓம். 1965-இலிருந்து இது 90 ஓம் ஆனது. இரு காயில்களும் ஒரே சப்ளையில் இருப்பதால் பேட்டரி வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் முள் பெரிதாக மாறாது. ஃபோர்டின் மீட்டரோ சூட்டில் இயங்குவது. இரட்டை உலோகப் பட்டை ஒன்றைச் சுற்றிய கம்பி சூடாக, பட்டை வளைந்து முள்ளைத் தள்ளும். அதன் டேங்க் யூனிட் காலியில் சுமார் 73 ஓம், நிறைவில் சுமார் 10 ஓம். சாவி திருப்பியதும் முள் சோம்பலாக மேலேறுவது இதன் இயல்பு. அதைப் பழுதென்று எண்ணிப் பிரித்த மீட்டர்கள் ஏராளம்.

ஆக, டேங்க் யூனிட் வயர் அறுந்தால் செவர்லே முள் ‘ஃபுல்’ கோட்டையும் தாண்டி நிற்கும். ஃபோர்டு முள் ‘எம்ப்டி’யிலேயே கிடக்கும். அந்த வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனால் இரண்டும் நேர்மாறாகக் காட்டும். மீட்டரையும் யூனிட்டையும் கலந்து மாட்டினால் எந்த நாளும் சரியாகக் காட்டாது. 90 ஓம் யூனிட்டை 1957 செவர்லேயில் போட்டுவிட்டு ‘மீட்டர் எப்போதும் ஃபுல் காட்டுகிறது’ என்று குழம்புவது வழக்கமான கதை.

எர்த்

டேங்க் யூனிட்டுக்குத் தனி எர்த் வயர் பல கார்களில் கிடையாது. யூனிட் டேங்கைத் தொடும், டேங்க் பாடியைத் தொடும், அவ்வளவே. 1965 மஸ்டாங்கில் டேங்கின் மேற்புறமே டிக்கியின் தரை. சுற்றிலும் உள்ள ஸ்க்ரூக்கள்தான் அதைப் பாடியோடு இணைக்கின்றன. மீட்டமைப்பவர் டேங்குக்கும் தரை விளிம்புக்கும் அழகாக பிரைமரும் பெயிண்டும் அடித்து, நடுவில் புதிய சீல் பட்டையும் வைத்து, பளபளக்கும் புது ஸ்க்ரூக்களால் முடுக்குவார். முன்பு துருவோடு துரு தொட்டு ஓடிய மின்சாரம் புதுப் பெயிண்டில் நின்றுவிடும். கார் கண்ணாடிபோல் மின்னும். பெட்ரோல் மீட்டர் செத்துக் கிடக்கும். ஒரு ஸ்க்ரூவின் அடியில் ஒரு பைசா அளவு பெயிண்டைச் சுரண்டிவிட்டால் முள் எழுந்துவிடும்.

சோதிக்கும் முறை எளிது. விளக்குகளை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி எர்த்திலும் மறுமுனையை மீட்டர் பலகையின் உலோகப் பகுதியிலும் வைக்க வேண்டும். 0.1, 0.2 வோல்ட் காட்டினால் குற்றமில்லை. அதற்கு மேல் ஏறினால் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே இருக்க வேண்டிய பின்னல் பட்டையை முதலில் தேட வேண்டும். எஞ்சினை இறக்கி ஏற்றியவர்கள் மாட்ட மறக்கும் பொருள் அதுதான்.

ஃபோர்டின் 5 வோல்ட் ரெகுலேட்டர்

சூட்டு மீட்டருக்குச் சீரான வோல்ட் வேண்டும் என்பதால் 12 வோல்ட் ஃபோர்டுகளில் மீட்டர் பலகையின் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு தகரப்பெட்டி இருக்கும். உள்ளே இருப்பதும் ஒரு சூட்டுப் பட்டைதான். அது வளைந்து நிமிர்ந்து கான்டாக்டைத் திறந்து மூடி, விட்டுவிட்டு வரும் 12 வோல்ட்டைச் சராசரி 5 வோல்ட் ஆக்குகிறது. டிஜிட்டல் மீட்டர் வைத்துப் பார்த்தால் எண்கள் தாவிக் குழப்பும். முள் வைத்த பழைய மீட்டரில் முள் துள்ளுவது தெளிவாகத் தெரியும்.

இந்தப் பெட்டியின் உயிரும் எர்த்தில்தான். உள்ளிருக்கும் சூட்டுக் கம்பி தகரக்கூட்டின் வழியே எர்த் ஆகிறது. கூடு பாடியைத் தொடாவிட்டால் பட்டை சூடாகாது, கான்டாக்ட் திறக்காது, 12 வோல்ட்டும் முழுதாக மீட்டருக்குப் போய் அதைக் கருக்கிவிடும். பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வயர்களைச் செருகிச் சோதிப்பவர்கள் நல்ல மீட்டரை எரிப்பது இப்படித்தான். பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒன்றாகவே எகிறினாலும் ஒன்றாகவே படுத்தாலும் சந்தேகம் ரெகுலேட்டர் பக்கமும் அதன் சப்ளை பக்கமும் போக வேண்டும். 1960-களின் கிறைஸ்லர் கார்கள் பலவற்றில் இந்த ரெகுலேட்டர் பெட்ரோல் மீட்டருக்குள்ளேயே அமைந்திருந்தது. அங்கே அது ஒட்டிக்கொண்டால் அண்டை மீட்டரும் சேர்ந்து போகும். வெளித்தோற்றம் மாறாமல் உள்ளே சிறு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வைத்த மாற்றுப் பெட்டிகள் இன்று கிடைக்கின்றன. அசலே வேண்டும் என்ற பிடிவாதத்தை இந்த ஓர் இடத்தில் விட்டுக்கொடுப்பது புத்திசாலித்தனம்.

ஈதர் மீட்டர், ஆம்பியர் மீட்டர்

1950-களின் தொடக்கத்துச் செவர்லேக்களில் டெம்பரேச்சர் மீட்டருக்கு மின்சாரமே கிடையாது. எஞ்சினில் செருகிய குமிழிலிருந்து தலைமுடியளவு துளையுள்ள செப்புக்குழாய் டேஷ்போர்டு வரை வரும். உள்ளே ஈதர். சூட்டில் அதன் ஆவியழுத்தம் ஏறி மீட்டருக்குள் சுருண்ட குழாயை நிமிர்த்தும். எஞ்சினை இறக்கும்போது இந்தக் குழாய் மடிந்து முறிவது சகஜம். வேறொரு மலிவு மீட்டரின் குமிழை ஐஸும் உப்பும் கலந்த கிண்ணத்தில் புதைத்து, உள்ளே ஈதர் குளிர்ந்து அடங்கியிருக்கும்போதே குழாயை அறுத்து, அசல் மீட்டரின் குழாயோடு சிறு உறை போட்டு ஈயப்பற்று வைப்பது பழைய கைத்தந்திரம். ஈதர் சட்டென்று தீப்பிடிப்பது. பழக்கமில்லாதவர் மீட்டரைத் தொழிலறிந்தவருக்கு அனுப்பிவிடுவது நல்லது.

ஆம்பியர் மீட்டரில் பழைய ஃபோர்டு ஏற்பாடு சாதுவானது. வயர் மீட்டரின் முதுகிலுள்ள ஒரு வளையத்தினூடே புகுந்து போகும். மின்தொடர்பு இல்லாமல் காந்தப்புலத்தாலேயே முள் ஆடும். கிறைஸ்லரிலோ சார்ஜ் மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டுக்கு வந்து மீட்டர் வழியே திரும்பும். மீட்டர் நட்டு தளர்ந்தாலோ, எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தடுப்புச்சுவர் கனெக்டரின் தகடு கறுத்தாலோ அந்த இடம் சூடேறி உருகும். நட்டுகளை முடுக்குவதோடு நில்லாமல் கனெக்டரைப் பிரித்துப் பார்த்தே தீர வேண்டும்.

டைனமோ கார்களில் இன்னொரு சடங்கு உண்டு. டைனமோவையோ அதன் சார்ஜ் ரெகுலேட்டரையோ மாற்றினால் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் டைனமோவின் துருவத்தைச் சரிசெய்ய வேண்டும். செவர்லேயின் டெல்கோ-ரெமி டைனமோவுக்கு ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு வயரால் கண்ணிமைக்கும் நேரம் தொட்டால் போதும். ஃபோர்டில் ஃபீல்டு வயரைக் கழற்றி அதைப் பேட்டரி முனையில் தொட வேண்டும். மஸ்டாங்கே டைனமோவோடுதான் பிறந்தது; 1964 ஆகஸ்டில் ஆல்டர்னேட்டர் வந்தது. எச்சரிக்கை விளக்கின் எழுத்தும் ‘ஜென்’ என்பதிலிருந்து ‘ஆல்ட்’ ஆனது. முந்தைய காரில் பிந்தைய பலகையை மாட்டியவரை விவரமறிந்தவர்கள் இந்த மூன்றெழுத்தில் பிடித்துவிடுவார்கள்.

ஸ்பீடோமீட்டர்

ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-இல் காப்புரிமை பெற்ற சுழல்மின்னோட்ட முறையே இதன் அடிப்படை. கேபிளில் சுழலும் காந்தம் ஓர் அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும். மயிரிழைச் சுருள்வில் அதைப் பின்னுக்கு இழுக்கும். அமெரிக்க வழக்கில் கேபிள் மைலுக்கு ஏறத்தாழ 1,000 சுற்று சுற்றும். எனவே நிமிடத்துக்கு 1,000 சுற்றில் முள் 60 மைலில் நிற்க வேண்டும். வேகம் அறிந்த மோட்டாரில் கேபிளை இணைத்து இதை மேசையிலேயே சரிபார்க்கலாம்.

முள் நடுங்கினால் குற்றம் பெரும்பாலும் காய்ந்த அல்லது வளைந்த கேபிளுடையது. கிரீஸைக் கேபிளின் கீழ் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் பூச வேண்டும். மேல்வரை பூசினால் அது கேபிளின் முறுக்கில் திருகித் திருகி மேலேறி மீட்டருக்குள் புகுந்து கிண்ணத்தில் ஒட்டும். முள்ளுக்கு மறுபெயிண்ட் அடிப்பவர் ஒரே மெல்லிய பூச்சோடு நிறுத்திக்கொள்வது நலம். எடை கூடினால் சமநிலை கெடும்.

ஓடோமீட்டர் எண்களைத் திருத்துவதில் சட்டமும் உண்டு. 1972-இன் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, பழுதுபார்த்த ஓடோமீட்டரில் பழைய மைல் கணக்கை வைக்க இயலாவிட்டால் அதைப் பூச்சியத்தில் வைத்து, பழைய கணக்கும் தேதியும் எழுதிய அறிவிப்பை இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும்.

முகமும் விளக்கும்

டயலில் அச்சிட்ட எழுத்தை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. தூசியோடு எண்களும் வந்துவிடும், மென்தூரிகை போதும். பின்னாலுள்ள விளக்குகள் மங்கினால் பல்பை மாற்றுமுன் ஹெட்லைட் ஸ்விட்சைப் பார்க்க வேண்டும். ஸ்விட்சின் குமிழைத் திருகினால் டேஷ்போர்டு ஒளி கூடிக் குறைவது, பீங்கானில் சுற்றிய கம்பிச்சுருளின் மேல் ஒரு தகடு ஊர்வதால். அங்கே களிம்பு ஏறியிருந்தால் நாலைந்து முறை முன்னும் பின்னும் திருகினாலே பாதி ஒளி திரும்பிவிடும். எல்.ஈ.டி. பல்பு போட்டால் அந்தத் திருகல் சரிவர வேலை செய்யாது. 1960 முதல் 1962 வரையிலான கிறைஸ்லரின் ‘ஆஸ்ட்ராடோம்’ பலகை தனிச்சாதி: பல்பே இல்லாமல் டயலும் முள்ளும் தாமே ஒளிரும். அதற்கான சிறு பெட்டி 12 வோல்ட்டைச் சுமார் 200 வோல்ட் மாறுமின்னோட்டமாக்குகிறது. வெறுங்கையால் தொடக் கூடாத டேஷ்போர்டு அது.

வயரிங்கும் முதல் சாவியும்

பழைய வயர்கள் பல ரப்பர் மேல் பருத்தி நூல் பின்னி வார்னிஷ் பூசியவை. வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே ரப்பர் பிஸ்கட்போல் உதிர்ந்திருக்கும்; மடக்கிப் பார்த்தால் நொறுங்கும் ஓசை கேட்கும். அப்படியானால் ஒட்டுப்போடாமல் வயரிங் செட்டையே மாற்ற வேண்டும். பருத்திப் பின்னலோடும் அசல் நிறக்குறிகளோடும் புது செட்டுகள் நெய்து தருவோர் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

மாட்டி முடித்ததும் பேட்டரியை நேரே இணைக்கக் கூடாது. பேட்டரிக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு ஹெட்லைட் பல்பை சீரியலில் வைக்க வேண்டும். சாவி அணைந்திருக்கும்போது பல்பு முழு ஒளியில் எரிந்தால் எங்கோ ஷார்ட். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்ற, எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அந்தப் பாதையில் தேடலாம்.

இந்தச் சோதனையில் பல்பு ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை ‘டக்’கென்று மின்னி அணைந்தால் பயப்பட வேண்டாம். அது கடிகாரம். அக்காலத்துக் கார்க் கடிகாரங்கள் சுருள்வில்லில் ஓடுபவை. வில் தளர்ந்ததும் கான்டாக்ட் கூடி, மின்காந்தம் ஒரே உதையில் வில்லை இறுக்கிவிடும். பேட்டரி இறங்கிய நாளில் அந்த உதைக்கு வலு போதாமல் கான்டாக்ட் மூடியபடியே நிற்க, காயில் சூடேறி எரியும். குளிர்காலம் முழுதும் ஷெட்டில் நிறுத்திய கார்களில் கடிகாரம் செத்துப்போவதற்கு இதுவே காரணம். வண்டியை நிறுத்திவைக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றிவைப்பவர்களின் கடிகாரம் மட்டும் இன்னும் ஓடுகிறது.